செத்த காலேஜும் உயிர் காலேஜும்

பழைய சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கி வந்தனர். உயிரற்றவை உள்ள இடம் ஒன்று. உயிருள்ளவை உள்ள இடம் மற்றொன்று. இந்த அளவில் பொருள் எளிது. பாமரர் நகைச்சுவை என்று கற்றோர் இதனை ஒதுக்கிவிடுவதும் உண்டு. ஆயினும், இரு பெயர்களுக்கும் பொதுவாய் நிற்கும் 'காலேஜ்' எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை எழும்பூரில் இல்லை, நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்று ஒரு சாலை உண்டு. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடம் நின்ற சாலை அது. கும்பினியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிப்பதற்கென 1812ஆம் ஆண்டில் அக்கல்லூரி நிறுவப்பட்டது. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் எல்லிஸ். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856க்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, தென்னாட்டு மொழிகள் தனியொரு குடும்பம் என்று 1816இல் எழுதியவர் அவர். தாண்டவராய முதலியாரும் முத்துசாமிப் பிள்ளையும் பணியாற்றிய இடமும் அதுவே. தமிழ் உரைநடையின் தொடக்க கால வரலாற்றை எழுதுவோர் எவரும் அக்கல்லூரியைக் கடந்து செல்ல இயலாது.

அக்கல்லூரிக் கட்டடத்தின் மேல்தளத்தில்தான் 1851இல் சென்னை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை இலக்கியச் சங்கம் அளித்த கனிமங்களும் பாறைகளுமே அதன் முதற் செல்வம். இடம் போதாமற் போகவே 1854இன் இறுதியில் எழும்பூருக்கு மாறியது. எழும்பூரில் அதற்குக் கிடைத்த கட்டடம், 18ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் கூடி ஆடியும் விருந்துண்டும் களித்த பாந்தியன் மாளிகை. சாலையின் பெயர் இன்றும் பாந்தியன் சாலைதான். 1855இல் அவ்வளாகத்திலேயே உயிர் விலங்குகளும் சேர்க்கப்பட்டன. 1863இல் அவ்விலங்குகள் பூங்காநகரத்து மக்கள் பூங்காவுக்கும், 1985இல் வண்டலூருக்கும் சென்றன. கல்லூரியில் பிறந்த அருங்காட்சியகம் கல்லூரியை விட்டு நீங்கியும் மக்கள் வாயில் 'காலேஜ்' என்றே நிலைத்தது. அதிலிருந்து பிரிந்த விலங்குச்சாலையும் அப்பெயரையே உடன் கொண்டு போயிற்று எனக் கருத இடமுண்டு. நிறுவிய ஆண்டைக் கல்வெட்டு சொல்லும். பிறந்த வீட்டை எழுத்தறியாத மக்களின் வழக்கு நினைவில் வைத்திருந்திருக்கிறது.

நகரத்தின் வரலாற்றைக் காட்டுவதற்கு இந்நாளில் இரண்டு வழிகள் பெருகியுள்ளன. ஒன்று அருங்காட்சியகம் நடத்தும் நிகழ்ச்சிகள்; மற்றொன்று வழிகாட்டி ஒருவர் பின்னே தெருக்களில் நடந்து காணும் 'பாரம்பரிய நடை'. இவ்விரண்டும் மக்களின் சொல்வழக்கைத் துணைக்கொள்ளாதவரை குறையுடையனவாகவே இருக்கும் என்பதற்குச் சென்னையைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அருங்காட்சியகத்தின் முதற் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் ஒரு மருத்துவர். பாறைத் துண்டுகளைப் பார்க்கக் கூட்டம் வராது என்பதையும், புலியும் சிறுத்தையும் இருந்தால் வரும் என்பதையும் அவர் நன்கு அறிந்திருந்தார். விலங்குகளைக் காண வந்தவர்கள் அப்படியே கற்களையும் கண்டு சென்றனர். காணும் பொங்கலன்று நகரத்தாரும் சுற்றுப்புறத்துச் சிற்றூரினரும் குடும்பம் குடும்பமாகச் செத்த காலேஜுக்கு வருவது தலைமுறை வழக்கமாயிற்று. கட்டுச்சோறும் குழந்தைகளுமாய் வரும் அக்கூட்டத்தைச் சில ஆங்கில அதிகாரிகள் ஏளனமாகவே நோக்கினர். திமிங்கில எலும்புக்கூட்டின் அடியில் வியந்து நின்ற அந்தக் கூட்டத்திற்கு எவரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. அவர்களும் எவரையும் கேட்கவில்லை; தாமே பெயரிட்டுத் தாமே பொருள் கண்டனர்.

பின்னர் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் காலத்தில் நிலைமை மற்றொரு வகையில் மாறியது. கோஷா மகளிர்க்கெனத் தனி நாள் ஒதுக்கியது அக்காலத்து நற்செயல். ஆனால், அதே தர்ஸ்டன்தான் மனிதர்களின் தலை நீளத்தையும் அகலத்தையும் மூக்கின் அளவையும் கருவி கொண்டு அளந்து குலந்தோறும் பட்டியலிட்டவர். அவ்வளவைகள் பலவும் அருங்காட்சியகத்திலேயே நிகழ்ந்தன. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' எனும் நூலின் பின்புலம் இது. அந்நூல் தந்துள்ள செய்திகளின் பயனை ஆய்வுலகம் மறுக்கவில்லை, மறுக்கவும் இயலாது. எனினும், காண வந்தவர்களே காட்சிப்பொருள்களாக ஆக்கப்பட்ட ஓர் இடம் அது என்பதையும் மறத்தற்கில்லை. இந்நகரத்து மக்கள் அருங்காட்சியகத்தைத் தம்முடையதென்று முழுமனத்தோடு ஏற்றுக்கொள்ளாமல் கேலிப்பெயரோடு நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பொருள்களின் நிலை இன்னொன்று. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கோடரி, இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கப் புள்ளி. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிகளை 1904இல் இவ்வருங்காட்சியகம் விலைகொடுத்துப் பெற்றது. பல்லாவரத்திலிருந்து மின்தொடர்வண்டியில் எழும்பூர் வருவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆயினும், பல்லாவரத்தில் வாழ்வோர் பலர் தம் ஊர்க் கல்லைக் கண்டதில்லை. அந்தக் கல்லைக் கண்டவர்கள் பல்லாவரத்து மண்ணை மிதித்ததில்லை. அமராவதிச் சிற்பங்களின் கதை இதனினும் துயரமானது. வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்து சென்னைக்கு அனுப்பிய சலவைக்கற்கள் இங்கே வெட்டவெளியில் கிடந்தன. 1859இல் அவற்றுள் பெரும்பகுதி இலண்டனுக்குக் கப்பலேறியது. எஞ்சி நின்றவற்றையும் பின்னர் வந்தவற்றையும் எழும்பூரில் சுவரோடு சுவராகப் பதித்துவிட்டனர். பாதுகாப்பதாக எண்ணிச் செய்த அச்செயலே கல்லுக்குத் தீங்காக முடிந்தது.

ஒரு பொருளை அருங்காட்சியகத்தில் வைப்பது எப்போதும் அதனைப் போற்றுவதாகாது. நீல் சிலையை எண்ணிப் பார்க்கலாம். 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமைகள் புரிந்த படைத்தலைவன் ஜேம்ஸ் நீல். சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்தவன் என்பதால் அவனுக்கு மவுண்ட் சாலையில் சிலை எழுப்பினர். 1927இல் அதனை அகற்றக் கோரித் தொண்டர்கள் அறப்போர் நடத்திச் சிறை சென்றனர். 1937இல் இராசாசி தலைமையில் காங்கிரசு ஆட்சி அமைந்தபின் சிலை அகற்றப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே அதனைக் காண்போர்க்கு அது மற்றுமோர் ஆங்கிலேயர் சிலை. சிலை நின்ற சாலையில் நடப்போர்க்கோ அப்படியொன்று இருந்ததென்பதே தெரியாது. அறப்போர் என்னும் பெருநிகழ்ச்சி, பொருளுக்கும் இடத்திற்கும் நடுவே விழுந்து மறைந்துவிட்டது. அருங்காட்சியக நிகழ்ச்சி ஒன்று அச்சிலையின் முன் தொடங்கி மவுண்ட் சாலையில் முடியுமானால், அன்று சிறை சென்றவர்களின் கதை மீண்டும் கோவைப்படும்.

நடந்து ஊரைக் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் அதற்கென்றே 'ஊர்காண் காதை' என ஒரு காதை வைத்தார். கோவலன் மதுரையின் வீதிகளைத் தனியே நடந்து காண்கிறான். கூல வீதியும் பொன் வீதியும் அறுவை வீதியும் அவன் கண்வழியே நமக்குக் காட்சியாகின்றன. மதுரைக்காஞ்சியோ பகலங்காடியையும் அல்லங்காடியையும் பொழுதுவாரியாகக் காட்டும். சென்னைக்கும் அத்தகைய நூல் ஒன்று உண்டு; அது தமிழில் இல்லாமல் வடமொழியில் அமைந்தது. 'சர்வதேவ விலாசம்' என்னும் அந்நூல் ஏறத்தாழ 1800ஆம் ஆண்டை ஒட்டியது. விவேகன், அதிவிவேகன் என்னும் இரு புலவர்கள் இந்நகரத்தைச் சுற்றிவந்து, புரவலர்களையும் கோயில்களையும் இசைவாணர்களையும் ஆடல்மகளிரையும் கண்டு பேசிக்கொள்கின்றனர். அறிஞர் வே. இராகவன் அதனைப் பதிப்பித்தார். கும்பினி ஆவணங்களில் துபாஷிகளாக மட்டும் தோன்றும் செல்வர்கள் அந்நூலில் கலைக் காவலர்களாகத் தோன்றுகின்றனர். ஒரே மனிதன் இரு ஏடுகளில் இரு முகம் காட்டுவது வரலாற்று மாணவர்க்கு நல்ல பாடம்.

இக்காலத்துப் பாரம்பரிய நடைகள் பெருகியது 2004இல் தொடங்கிய சென்னை நாள் விழாவை ஒட்டியேயாகும். 1639 ஆகஸ்டு 22ஐ நகரத்தின் பிறந்த நாளாகக் கொண்டு ஆண்டுதோறும் அவ்விழா நடைபெறுகிறது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அந்நாளுக்கு ஆயிரம் ஆண்டுகள் மூத்தவை. அவற்றுக்குப் பிறந்த நாள் குறிக்க எவராலும் இயலாது. இந்த முரண்பாடு இருப்பினும், விழாவால் விளைந்த நன்மை பெரிது. விடியற்காலையில் இருபது முப்பது பேர் கூடிப் பழந்தெருக்களில் நடக்கும் வழக்கம் அதனால் வேரூன்றியது.

கோட்டையிலிருந்து வடக்கே நடக்கும் ஒரு பாதையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். 1948இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிசின் சிலை நிற்கிறது. அதன் பீடத்தில், திப்புவின் சிறுவர் இருவரைப் பிணையாக ஏற்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. ஊரில் பல இடம் மாறி இறுதியில் இங்கு வந்து சேர்ந்த சிலை அது. கோட்டையை விட்டு வெளியே வந்தால் எதிர்ப்படுவது 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றம். அதன் செந்நிறக் கோபுரங்களை அண்ணாந்து நோக்கும் எவர்க்கும், தாம் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் வீடுகள் நெருங்கிய ஊர் என்பது தோன்றாது. முதற் கறுப்பர் நகரம் அங்கேதான் இருந்தது. நெசவாளரும் வணிகரும் வாழ்ந்த அவ்வூரின் நடுவே சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் எழுந்தருளியிருந்தனர். பிரெஞ்சுக்காரர் 1746இல் கோட்டையைக் கைப்பற்றினர். மூன்றாண்டுகளுக்குப் பின் அது திரும்பக் கிடைத்தது. 1758இன் இறுதியில் மீண்டும் முற்றுகை. பீரங்கி சுடுவதற்குத் திறந்தவெளி வேண்டுமென்று கோட்டையை ஒட்டிய ஊர் முழுவதும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பகைவன் இடித்தது பாதி. காப்பவன் இடித்தது மீதி.

இனி எவரும் இவ்வெல்லைக்குள் வீடு கட்டலாகாது என்று 1773இல் 13 தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றே ஒன்று இன்றும் பாரிமுனையில் டேர் மாளிகையின் ஓரத்தில் நிற்கிறது. பேருந்துக்கு விரைவோர் அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் விளங்குவதற்கு அங்கு ஒன்றுமில்லை, வெறுங் கல்தூண். ஓர் ஊர் அழிந்ததற்கு எஞ்சிய சான்று அது என்று எவரேனும் உடன் நின்று சொன்னாலன்றி அக்கல் பேசாது. வழிகாட்டியோடு நடப்பதன் பயன் அந்தத் தூணருகில் நிற்கும்போது நன்கு விளங்கும்.

இடிக்கப்பட்ட இரு கோயில்களுக்கும் ஈடாக, தேவராச முதலி தெருப் பகுதியில் புதிய கோயில்கள் எழுந்தன. அதற்குப் பெரும்பொருள் உதவியவர் ஆளுநர் பிகட்டின் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். இராம நாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயரைப் போற்றிய வள்ளலும் அவரே. கோயில் எடுத்ததையும் கவிராயர்க்குப் பொன் வழங்கியதையும் நம் இலக்கிய வரலாறு சொல்லும். அப்பொன் எவ்வழியில் வந்தது என்பதைக் கும்பினியின் கணக்கேடுகள் சொல்லும். கும்பினிக் கணக்கை விட்டுவிட்டு அவரைப் பாராட்டுவதும், கவிராயரை விட்டுவிட்டு அவரை இகழ்வதும் ஒரேவகைப் பிழை.

அடுத்த தெருவின் பெயர் அரண்மனைக்காரத் தெரு. அங்கு எந்த அரண்மனையும் இருந்ததில்லை. அர்மீனியர் தெரு என்பதே மக்கள் நாவில் அவ்வாறு திரிந்தது. 1772இல் கட்டப்பட்ட அர்மீனியத் தேவாலயம் இன்றும் அங்கு அமைதியாக நிற்கிறது. அதன் முற்றத்தில் ஹாருத்தியூன் ஷ்மாவோனியன் என்னும் பாதிரியாரின் கல்லறை உள்ளது. 1794இல் இச்சென்னையிலிருந்து அவர் வெளியிட்ட 'அஸ்தரார்' என்ற இதழே உலகில் அர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ். தாய்நாட்டில் அல்ல, இங்கே! அது 1796இல் நின்றுபோயிற்று. சிற்றிதழ் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்ட கவிஞர்கள் அக்கல்லறை முன் சிறிது நேரம் நிற்பது தகும்.

இத்தகைய பெயர்த்திரிபுகளை மக்களின் அறியாமை என்று சிரித்துவிட்டுப் போவது நடைகளில் காணும் வழக்கம். ஆமில்டன் பாலம் 'அம்பட்டன் வாராவதி' ஆகி, அதனை மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது நாவிதர் பாலம் ஆயிற்றென்ற கதையைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. கேட்போர் சிரிப்பர். ஆனால், இதே மக்கள்தான் சிந்தாதிரிப்பேட்டையில் 'சின்னத் தறிப்பேட்டை' எனும் பொருளைக் காத்து வைத்துள்ளனர். 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காகச் சுங்குராமர் தோட்டத்தில் அமைக்கப்பட்ட ஊர் அது. வண்ணாரப்பேட்டையும் அத்தகையதே; கும்பினி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்களின் இருப்பிடம். இந்நகரம் எதனால் எழுந்தது என்ற வினாவுக்குக் கோட்டையின் பீரங்கி விடை சொல்லாது. தறியும் துறையும் சொல்லும். கோட்டை அருங்காட்சியகத்தில் ஆளுநர்களின் ஓவியங்கள் உண்டு. துணியை நெய்தவர்களும் வெளுத்தவர்களும் பேட்டைகளின் பெயர்களில்தான் வாழ்கின்றனர்.

மேற்கே சென்றால் இராசப்பச் செட்டித் தெருவில் கந்தகோட்டம். இளமையில் இராமலிங்கர் தெய்வமணிமாலை பாடிய திருத்தலம். அவர் குடும்பம் வாழ்ந்த வீடு ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் உள்ளது. ஏழுகிணறு என்ற பெயரே ஒரு வரலாறு: 1772இல் கேப்டன் பேக்கர் கோட்டைக்கு நல்ல நீர் கொண்டுசெல்ல முன்வைத்த திட்டத்தில் தோண்டிய கிணறுகள் அவை. ஊருக்குள் ஊறிய நீர் கோட்டைக்குப் போயிற்று. 1858இல் இராமலிங்கர் சென்னையை நீங்கினார்.

அருகிலேயே தங்கசாலைத் தெரு. 1840களில் நாணயச்சாலை அதன் வடகோடிக்கு மாற்றப்பட்டது. பின்னாளில் அக்கட்டடம் அரசு அச்சகமாயிற்று. காசு அடித்த இடம் எழுத்து அடிக்கும் இடமான அத்தெருவில்தான் 1860இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். நாவலர் பதிப்புகளின் முகப்பில் தங்கசாலைத் தெரு என்ற முகவரியைக் கண்டிராத தமிழாசிரியர் இரார். 1867இல் திருவருட்பா சென்னையில் அச்சேறியது. அதனை அருட்பா அன்று, மருட்பா என்று நாவலர் தரப்பு மறுத்தது. பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இவ்வளவும் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்வனவே. வள்ளலார் வளர்ந்த வீட்டிலிருந்து நாவலரின் அச்சகத் தெருவுக்குக் கால்நடையில் சில நிமிடங்களே ஆகும் என்பதை எந்த இலக்கிய வரலாற்று நூலும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அவ்விருவரும் ஒரே காலத்தில் அங்கு அண்டை வீட்டாராக இருந்திலர்; ஒருவர் நீங்கிய பின்னரே மற்றவர் அச்சகம் வந்தது. ஆயினும், பாடலும் மறுப்பும் ஒரே சந்தைத் தெருக்களின் இரைச்சலுக்கு நடுவே பிறந்தன என்பது நடந்து பார்த்தால்தான் மனத்தில் பதியும்.

இந்நடைகள் மிகுதியும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்து வந்தன. அண்மை ஆண்டுகளில் தமிழில் நடத்துவோரும் தோன்றியுள்ளனர். எண்ணிக்கையில் இன்னும் குறைவு. மொழி மாறினால் சொற்கள் மட்டும் மாறுவதில்லை. நிற்கும் இடங்களே மாறும். ஆங்கில நடை, கோட்டையின் மரியன்னை ஆலயத்தில் 1753இல் நடந்த கிளைவின் திருமணத்தைச் சொல்லி நிற்கும். தமிழ் நடை, இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குச் செல்ல வேண்டும். 1818இல் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது எல்லிஸ் கிணறுகள் வெட்டுவித்ததைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு அக்கோயில் கிணற்றுக்கு உரியது. தம் செயலுக்குக் காரணமாக அதில் அவர் திருக்குறளை எடுத்துக்காட்டியுள்ளார். செத்த காலேஜுக்குப் பெயர் தந்த கல்லூரியின் எல்லிஸ்தான் அவர்.

அருங்காட்சியகங்களும் தம் பங்கிற்கு மாணவர்க்கு வகுப்புகளும் பொதுமக்களுக்குப் பேச்சுகளும் நடத்துகின்றன. மே 18 அன்று பன்னாட்டு அருங்காட்சியக நாள் கொண்டாடப்படுகிறது. அங்கே விளக்கப்படுவது சிற்பத்தின் காலம், பாணி, உலோகம் ஆகியவையே. எங்கிருந்து வந்தது, அங்கே இப்போது என்ன இருக்கிறது என்ற வினா எழுவதேயில்லை. தெருவில் நடப்போரிடம் வேறு வகைக் குறை. சான்றில்லாத சுவையான கதைகள் அங்கே எளிதில் வேர்கொள்கின்றன. கேட்டவர் மறுமாதம் வழிகாட்டியாகி அக்கதைக்குக் கிளையும் சேர்க்கிறார். கூடத்தின் பேழையில் இருக்கும் சான்று தெருவுக்கு வந்தால் கதை அடங்கும். தெருவின் சொல் கூடத்துக்குள் போனால் பேழைக்கு உயிர் வரும்.

திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இறுதிக் காலத்தில் வாழ்ந்த இல்லம் உள்ளது. 1921இல் அவர் மறைந்ததும் அங்கேதான். அரசு அதனை வாங்கி நினைவில்லமாக்கியது. நாள்தோறும் எவரேனும் வந்து பார்த்துச் செல்கின்றனர். அதே திருவல்லிக்கேணியில் பிள்ளையார் கோயில் தெருவில் 'தியாகராச விலாசம்' இருந்தது. உ.வே. சாமிநாதையர் சங்க இலக்கியங்களைப் பதிப்பித்துக்கொண்டு நெடுங்காலம் வாழ்ந்த வீடு. அவருடைய சுவடிகளும் நூல்களும் பெசன்ட் நகரில் உள்ள அவர் பெயர் தாங்கிய நூல்நிலையத்தில் பாதுகாப்பாக உள்ளன. 2012இல் வீட்டை இடிக்கத் தொடங்கியபோது தமிழன்பர்கள் பலர் குரல் எழுப்பினர்; செய்தித்தாள்கள் எழுதின. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில் எத்தனை பேர் அத்தெருவுக்கு நடந்து சென்று அவ்வீட்டு வாயிலில் நின்றிருப்பர்? இரண்டு தெருக்களும் திருவல்லிக்கேணிக்குள்ளேயே உள்ளன. ஒரே காலைப்பொழுதில் இரண்டையும் நடந்து கண்டுவிடலாம்.